விலை ஏறியது, யாரும் ஏற்றவில்லை

பணமும் சந்தையும் இயற்கைச் சக்திகள் என்று சட்டம் நிறைவேறிய அன்று மழைமானியில் இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தது. மழைக்காரர் அதை அளவுகுழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, தண்ணீரைச் செடிக்குக் கொட்டினார். இருபத்தொன்பது வருஷமாகக் காலை எட்டரை மணிக்கு அவர் செய்துவந்த வேலை அதுதான். வானிலை நிலைய அளவீட்டாளர் என்பது உத்தியோகப் பெயர். தெருவில் அது யாருக்கும் வாயில் நுழையவில்லை. துணி உலர்த்தலாமா, குடை எடுக்கலாமா என்று கேட்க வசதியாக மழைக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

சட்டம் வந்த விதம் இது. ஆற்றோரத்து நூற்பாலையை ஒரே வாரத்தில் மூடி, எண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணூறு பேரும் சட்டமன்றத்தின் வாசலில் வந்து நின்று, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். மன்றம் பதினேழு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, போன வருஷம் வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனபோது யாராவது ஆற்றைக் கண்டித்து ஊர்வலம் போனார்களா என்று கேட்டார். யாரும் போகவில்லை என்பது அவைக்குறிப்பில் ஏறியது. சந்தையும் ஓர் ஆறுதான்; அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும், அதன் பெயரில் வழக்குப் போடுவது பகுத்தறிவுக்கு அடுக்காது என்றார் அவர். மாலைக்குள் சட்டம் ஆயிற்று. இயற்கை என்று ஆனபிறகு அது எந்தத் துறைக்குள் வரும் என்ற கேள்வி எழுந்தது. நிதித்துறை முந்திக்கொண்டு கையைக் கழுவியது. அகப்பட்டது வானிலைத் துறை.

அடுத்த மாதமே ஒரு லாரி வந்து நின்றது. நீளமான மரப்பெட்டியிலிருந்து சந்தைமானியை இறக்கினார்கள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பு எண்கள், பின்னால் ஒரு கம்பி. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது துறையின் பழைய விதி. சந்தையும் வீசுகிற சங்கதிதான் என்று யாரோ தீர்மானித்திருந்தார்கள். ஆகவே அதையும் பத்து மீட்டர் கம்பத்தின் உச்சியில் பொருத்தி, ஓர் இரும்பு ஏணியையும் சாத்திவிட்டுப் போனார்கள். ஐம்பத்தாறு வயதில் மழைக்காரர் தினமும் அந்த ஏணியில் ஏறி எண்ணைப் பார்த்தார், இறங்கிவந்து படிவத்தில் எழுதினார், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். மூன்றாவது வாரம்தான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த எண் கம்பி வழியாகத் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வருகிறது. அங்கிருந்து வந்ததை அங்கேயே திருப்பி அனுப்புவானேன் என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினார். கள அளவீடு இல்லாமல் எந்த இயற்கைச் சக்தியையும் அறிவியல் ஏற்றுக்கொள்வதில்லை என்று பதில் வந்தது.

அதன் பின்னாலேயே மொழிச் சுற்றறிக்கை வந்தது. மழை பெய்கிறது, யாரும் பெய்விப்பதில்லை; வெயில் அடிக்கிறது, யாரும் அடிப்பதில்லை. அதேபோல இனி எந்த அலுவலகத்திலும் கடையிலும் 'விலையை ஏற்றினார்கள்' என்று எழுதவோ சொல்லவோ கூடாது, 'விலை ஏறியது' என்பதே சரி. 'ஆலையை மூடினார்கள்' என்பது பிழை, 'ஆலை மூடிக்கொண்டது' என்க. 'ஆட்களை நீக்கினார்கள்' என்பது கடும் பிழை, 'ஆட்கள் நீங்கினர்' என்க. இப்படி நாற்பத்திரண்டு வினைச்சொற்களுக்கு இரண்டு பத்தியாகப் பட்டியல் போட்டிருந்தது. நிலையத்தில் மழைக்காரரைத் தவிர இருந்த ஒரே ஆள் தட்டச்சு செய்கிற அம்மா. அவர் பட்டியலை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தன் சம்பள உயர்வைப் பற்றி இதில் ஒன்றும் காணோமே, அது எப்போது தானாக ஏறும் என்று மட்டும் கேட்டார்.

மழைக்காரருக்கு வீட்டில் மனைவி மட்டும். பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் வீட்டை நிறைத்து வைத்திருந்தது அவள் வாய்தான். ஊருக்கெல்லாம் மழை சொல்கிற மனுஷன் வீட்டு மாடியில் மட்டும் துணி தவறாமல் நனைகிறது என்று அவள் கேலி செய்யாத மாதம் இல்லை. அவள் இதயம் நாலைந்து வருஷமாகத் தாளம் தப்பி அடித்தது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை போட்டால் ஒழுங்காக அடிக்கும். புது மருந்து ஒன்றும் இல்லை. அவள் அம்மா காலத்திலேயே இருந்தது. ஒரு பட்டை மாத்திரையைத் தீப்பெட்டி வாங்குகிற மாதிரி யோசிக்காமல் வாங்கலாம்.

அதைச் செய்துவந்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. அந்த மாதம் மழைக்காரர் கடைக்குப் போனபோது மருந்துக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் விலையைச் சொன்னார். பழைய விலையைப் போலப் பதினோரு மடங்கு.

"யாரு ஏத்துனது?" என்று கேட்டார் மழைக்காரர்.

"யாரும் ஏத்தல சார், ஏறிருச்சு." கடைக்காரர் சுவரைக் காட்டினார். அங்கே சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. "உங்க துறைதான சார் அனுப்பிச்சுது."

மழைக்காரர் சைக்கிளை விற்றார். இரண்டு மைல் நடந்து வேலைக்குப் போனார். அடுத்த மாதம் கைக்கடிகாரம் போனது. நேரம் தெரியாமல் எட்டரை மணிக்கு எப்படி அளப்பது என்று மனைவி கேட்டதற்கு, இருபத்தொன்பது வருஷம் ஆனவனுக்கு வயிறே மணி சொல்லும் என்றார். மூன்றாவது மாதம் ஒரு பட்டை வழக்கத்தைவிட அதிக நாள் வந்தது. அவர் கணக்கில் கெட்டிக்காரர். ஒரு காலை சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது, அவள் சவர பிளேடால் மாத்திரையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாதி போதும்னு டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"உங்க சம்பளம் தெரியும்" என்றாள் அவள், பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்குத்தான் மழைக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. விலையேற்றம் இயற்கை என்றால், அதனால் வருகிற கஷ்டம் இயற்கைச் சேதம். இயற்கைச் சேதத்துக்கு நிவாரணம் உண்டு. விண்ணப்பத்தை அழகாக எழுதி, மருத்துவச் சீட்டையும் சட்டத்தின் நகலையும் இணைத்து அனுப்பினார். துறை ஆள் என்பதால் பத்தே நாளில் சேத மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அளவு நாடாவும் நீலப் பென்சிலும் ஒரு படிவமுமாக வந்த இளைஞர். மிகவும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

படிவம் வெள்ளத்துக்காக அச்சடித்தது. சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று முதல் கேள்வி. தண்ணீர் ஏறவில்லை, விலைதான் ஏறியது என்று மழைக்காரர் விளக்கினார். அப்படியானால் விலை எதுவரை ஏறியது என்று கேட்டு, மதிப்பீட்டாளர் பென்சிலும் கையுமாகச் சுவரோரம் நின்றார். மழைக்காரர் திகைத்துப்போனார். அவர் மனைவி எழுந்துவந்து சுவரில் சாய்ந்து நின்று, தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினாள். இளைஞர் அந்த உயரத்தில் நீலக்கோடு போட்டு, நாடாவால் அளந்து, நூற்று முப்பத்தொரு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்.

"தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன? கொஞ்சம் மேலயே போடுங்க தம்பி" என்றாள் அவள்.

"கழுத்துக்கு மேல போச்சுன்னா மேலதிகாரி கையெழுத்து வேணும்மா. மூணு மாசம் ஆயிரும்."

பிறகு கூரை ஓட்டை எத்தனை, இறந்த கால்நடை எத்தனை என்று கேட்டு இரண்டுக்கும் 'இல்லை' போட்டுக்கொண்டார். போவதற்கு முன் வண்டியிலிருந்து நிவாரணப் பொருள்களை எடுத்துவந்து கையெழுத்து வாங்கினார்: ஒரு தார்ப்பாய், நான்கு மெழுகுவத்தி, அரைக் கிலோ பிளீச்சிங் பவுடர். அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்த மனைவி, பிளீச்சிங் பவுடரை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். காலையில் ஒரு கரண்டியும் மாலையில் ஒரு கரண்டியும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். சிரிப்பு நின்றபிறகு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. மழைக்காரர் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். விரல்களுக்கு அடியில் அவள் இதயம் இரண்டடி அடித்து, ஓரடி நின்று, மூன்றடி ஓடியது. கருவி ஒன்றும் தேவைப்படவில்லை.

மறுநாள் அவர் மேல்முறையீடு எழுதினார். தலைமை இயக்குநரே நேரில் விசாரிப்பதாகத் தேதி கொடுத்தார்கள்.

தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், இயக்குநரின் அறைக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்து அறைக் கதவில் 'இயற்கைப் பிரிவு, அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. தேநீர்த் தட்டைக் கொண்டுபோன ஆள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. உள்ளே நீள மேஜையைச் சுற்றி ஆறு பேர். நல்ல துணி, நல்ல செருப்பு. நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். ஒருவர் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படிக்க, மற்றவர்கள் நாளைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு. எல்லாம் சுமுகமாக, குரல் உயராமல் நடந்தது.

"இந்த இதய மாத்திரை? இன்னும் ஒரு படி தாங்குமா?" என்றார் காகிதம் வைத்திருந்தவர்.

"தாங்கும், தாங்கும். சாப்பிடாம இருக்க முடியாதில்ல" என்றார் இன்னொருவர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

மழைக்காரர் வாழ்நாள் முழுக்க மழையை அளந்தவர். அது உண்டாகிற இடத்தை ஒருநாளும் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. எழுந்து அந்தக் கதவை நோக்கி ஓரடி வைத்தார். அந்தச் சமயம் பார்த்து இயக்குநர் கூப்பிட்டுவிட்டார்.

இயக்குநர் கெட்ட மனிதர் அல்ல. எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்று பாராட்டினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நான் இயற்கைய ரொம்ப மதிக்கிறவன். எங்க குடும்பத்துல நாலு பேருக்கு அதுல பங்கு இருக்கு. ஒண்ணு சொல்றேன், இயற்கை பாரபட்சம் பாக்கறதே இல்ல. பள்ளத்துல இருக்கறவன் வீட்டுக்குள்ள வெள்ளம் போகுது, மேட்டுல இருக்கறவன் வீட்டுக்குப் போகல. அது வெள்ளத்தோட தப்பா? நாங்கல்லாம் சட்டம் வர்றதுக்கு முந்தின வாரமே மேட்டுக்கு வந்துட்டோம். யாரு வேணும்னாலும் வந்திருக்கலாம். மனுஷனுக்கு முன்யோசனை வேணும்."

மழைக்காரர் அடுத்த அறையைக் காட்டி, அங்கே ஆறு பேர் உட்கார்ந்து எண் சொல்கிறார்களே, அது யார் என்று கேட்டார். இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மழைக்குக்கூட ஒரு பிறப்பிடம் இருக்கில்ல, கடல்ன்னு? அந்த மாதிரிதான். அவங்கதான் கடல்."

கடல் பிஸ்கட் சாப்பிடும் என்பது மழைக்காரருக்கு அதுவரை தெரியாது. எழுதிக் கொண்டுபோயிருந்த வாதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒன்று மட்டும் சொன்னார்.

"அவ செத்துருவா சார்."

இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நமக்கெல்லாம் மீறிய சக்தி ஒன்று இருக்கும்போது நாம் என்ன செய்ய முடியும், மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றாமலா போவான் என்று சொல்லி, தன் சொந்த அதிகாரத்தில் கூடுதலாக ஒரு போர்வை கொடுக்க உத்தரவிட்டார்.

போர்வையை அவள் மடித்துப் பெட்டியில் வைத்தாள். நல்ல கம்பளி, குளிர் வந்தால் உதவும் என்றாள்.

குளிர் வரவில்லை. ஆறாவது வாரம், மேகமே இல்லாத ஒரு காலையில், மழைக்காரர் ஏணியின் பாதி உயரத்தில் இருந்தபோது தட்டச்சு அம்மா ஓடிவந்து கீழே நின்று அவரைக் கூப்பிட்டார். என்ன என்று சொல்லவில்லை, இறங்கி வாங்க என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய குரலிலேயே விஷயம் இருந்தது. மழைக்காரர் ஒவ்வொரு படியாக, கம்பியை இறுகப் பிடித்து இறங்கினார். இரண்டு மைலையும் நடந்தார். அவள் சமையலறை வாசற்படியில் சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு அலமாரியில் மருந்து டப்பாவைத் திறந்தார். பாதி மாத்திரைகள் முப்பத்தெட்டு இருந்தன. கடைசி நாள்களில் அவள் பாதியைக்கூடப் போடவில்லை. காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, மேலே கோணல் எழுத்தில் 'அடுத்த மாசத்துக்கு' என்று எழுதி வைத்திருந்தாள். இதுவரை அவரை விற்க வைத்தது போதும், அடுத்த மாதமாவது கடைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். அவர் பொட்டலத்தை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'இயற்கை' என்று இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவார்கள். அவர் வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டார். துறை ஓர் அனுதாபக் கடிதம் அனுப்பியது. அதில் அவள் 'நீங்கினார்' என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தேர்தல் வந்தது. ஒருநாள் காலை ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டி. சட்டத்தைக் கொண்டுவந்த அந்த மூத்த உறுப்பினர் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். 'மாத்திரை விலையைக் குறைத்த மாமனிதருக்கே உங்கள் வாக்கு' என்று கீழே பெரிய எழுத்து. மழைக்காரர் அதைப் பலமுறை படித்தார். பிறகு மருந்துக்கடைக்குப் போனார்.

"ஆமா சார், குறைச்சுட்டாங்க. பழைய விலைக்கே வந்திருச்சு" என்ற கடைக்காரர், யாரிடம் சொல்கிறோம் என்று உணர்ந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"யாரு குறைச்சது?"

"அவருதான் சார். ஒரே ஒரு போன் போட்டாராம்."

"ஒரு போனா?"

கடைக்காரர் சுவரில் இன்னும் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை, என்னவோ தன் தப்பு போல, ஓரத்தில் பிடித்து மெல்லக் கிழித்தார்.

அவள் இறந்த அன்று காலை கடையில் எத்தனை பெட்டி இருந்தது என்று மட்டும் மழைக்காரர் கேட்டுக்கொண்டார். வீடுவரை அடியடியாய் அளந்து நடந்து, சான்றிதழை எடுத்துக்கொண்டு நேரே பதிவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது சான்றிதழைப் பிரித்து வைத்து, இதில் ஒரு வார்த்தை தப்பாக இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எழுத்தர் முப்பது வயதுக்காரி. காலையிலிருந்து முத்திரை குத்திக் குத்திக் களைத்திருந்தாள். காரணத்தை வெறுமனே விட முடியாது, ஒன்றை எடுத்தால் இன்னொன்றை எழுதியாக வேண்டும் என்றாள். எழுதுவதற்கு மூன்றுதான் உண்டு: இயற்கை, விபத்து, கொலை. எதைப் போடட்டும் என்று கேட்டாள்.

மழைக்காரர் யோசித்தார். பார்க்காத எதையும் எழுதிப் பழக்கமில்லாதவர். ஆறு பேரைப் பார்த்திருந்தார், பிஸ்கட்டைப் பார்த்திருந்தார். ஆனால் கொலை என்று எழுத, அவர்கள் அவளைப் பார்த்ததே இல்லை. விபத்து என்றும் சொல்ல முடியவில்லை, யாரும் தவறி ஒன்றும் செய்யவில்லை. திருத்த மனுவின் ஓரத்தில் இடம் இருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, பதிவேட்டில் எழுதுகிற அதே அடக்கமான எழுத்தில் எழுதினார்:

'மாத்திரை தட்டுப்பாடு இல்லை. அன்று காலை கடையில் பதினாறு பெட்டி இருந்ததாகக் கடைக்காரர் சொல்கிறார். கடை வீட்டிலிருந்து தொண்ணூறு அடி.'

எழுத்தர் அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது காரணமா சார்?"

"நான் அளந்தத எழுதியிருக்கேம்மா. காரணத்த நீங்க எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்தாள். எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் கையில் காகிதங்களோடு நின்றிருந்தார்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.